வாழையடி வாழை

மும்பை மாதுங்காவின் கடைத்தெருவில் வாழையிலைக் கட்டுகளும் வாழைப்பூவும் வாழைத்தண்டும் ஊர் நினைவோடு வாங்கப்படுகின்றன. தமிழர் இல்லத் திருமணங்களில் வாயிலில் வாழைமரம் கட்டி, மணமக்களை 'வாழையடி வாழையாக வாழ்க' என்று பெரியோர் வாழ்த்துகின்றனர். தாய்மரம் குலை ஈன்று சாய்கிறது. அதன் அடியிலிருந்து கன்று எழுகிறது. இந்த இயற்கைக் காட்சியிலிருந்து பிறந்ததே அந்த வாழ்த்து.

ஆனால் தாயிடமிருந்து கன்றுக்குச் செல்வது உயிர் மட்டுமன்று. நோயும் அதே வழியில் செல்லும். அப்போது மனிதனின் கடமை என்ன?

செம்பூர் முருகன் கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் பழனிப் பஞ்சாமிர்தத்தை அறிவர். அதில் சேரும் விருப்பாட்சிப் பழம் திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலைகளில் விளைவது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் காப்பித் தோட்டங்களின் நடுவே இந்த மலைவாழை பல ஆண்டுகள் நின்று பலன் தரும். 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழைச் சாகுபடி, பின்னர் சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. அதற்கு முக்கியக் காரணம் முடிக்கொத்து நோய்.

இது வைரஸால் வருவது. 1913-இல் இலங்கையிலும் 1940-ஐ ஒட்டிக் கேரளத்திலும் காணப்பட்டது. நோயுற்ற வாழையின் இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தோன்றும். புதிய இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. அசுவினி என்னும் சிறு பூச்சி நோயுற்ற மரத்தின் சாற்றை உறிஞ்சி அடுத்த மரத்திற்குச் சென்று நோயைப் பரப்புகிறது. எனவே நோயுற்ற மரத்தை அழிப்பது ஒன்றே வழி.

இங்கேதான் தர்மசங்கடம் எழுகிறது. மரம் இன்னும் பச்சையாக நிற்கிறது. ஒருவேளை ஒரு தாராவது தரும் என்று விவசாயியின் மனம் ஏங்குகிறது. 'இது என் நிலம், என் மரம்; வைப்பதும் வெட்டுவதும் என் உரிமை' என்று அவர் கூறினால், சட்டப்படி அது சரியாகவே தோன்றலாம். ஆனால் அசுவினிக்கு வேலி கிடையாது. ஒருவர் ஒரு தாரை எதிர்பார்த்து விட்டுவைக்கும் மரம், அண்டைத் தோட்டங்கள் முழுவதையும் அழிக்கக்கூடும். விளைவு பிறரையும் சேரும்போது, உரிமையும் தனி ஒருவருடையதாக நின்றுவிடுவதில்லை.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. இந்நோயை நெடுந்தூரம் கொண்டு சென்றது பூச்சியன்று; மனிதனின் கைதான். நல்ல இரகம் என்று உறவினருக்கும் நண்பருக்கும் கன்று கொடுப்பது கிராமத்துப் பண்பு. பார்வைக்கு ஆரோக்கியமாகத் தோன்றும் கன்றிலும் நோய் மறைந்திருக்கலாம். கொடுத்தவர் மனத்தில் அன்பே இருந்தது. பெற்றவர் தோட்டத்திற்குச் சென்றதோ அழிவு. நல்லெண்ணம் மட்டும் போதாது. அது அறிவோடு சேர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1920-களில் இதே நோயால் வாழைத் தொழில் ஏறக்குறைய அழிந்தது. நோய் பரவும் விதத்தை மாகி என்ற ஆய்வாளர் கண்டறிந்தபின், தோட்டங்களைச் சோதிப்பதும், நோயுற்ற மரங்களை அழிப்பதும், கன்றுகளை விருப்பப்படி கொண்டு செல்லாமல் தடுப்பதும் சட்டமாயின. தொழில் மீண்டும் தலையெடுத்தது. மருந்து இல்லாத நோயை அங்கு ஒழுங்கு கட்டுப்படுத்தியது.

எனினும் பொது நன்மைக்காக ஓர் ஏழை விவசாயி மட்டும் இழப்பைத் தாங்க வேண்டும் என்பது நியாயமா? நோயை ஒருவர் மறைப்பது பெரும்பாலும் தீய எண்ணத்தால் அன்று, அச்சத்தால். உண்மையைச் சொன்னால் தனித்து விடப்படுவோம் என்னும் அச்சம் அது. 2020-இல் கொரோனா பரவியபோது தாராவி இதைக் கண்டது. நெருங்கிய குடிசைகளில் தனித்திருக்க இடம் ஏது? மாநகராட்சி பள்ளிகளையும் மண்டபங்களையும் தனிமை முகாம்களாக்கி உணவும் மருத்துவமும் அளித்தது. வீடு வீடாகச் சென்று பரிசோதித்தது. நோயுற்ற மரம் அழிக்கப்பட வேண்டியது. நோயுற்ற மனிதனோ காக்கப்பட வேண்டியவன். ஆயினும் இரண்டிலும் பாடம் ஒன்றே: உண்மையைச் சொல்பவனின் சுமையைச் சமூகம் பகிர்ந்துகொண்டால்தான் உண்மை வெளிவரும். தியாகத்தைக் கேட்கும் அண்டை வீட்டாருக்கு, மரத்தை இழந்தவருக்குப் புதுக் கன்று நட்டுத் தரும் கடமையும் உண்டு.

மரத்தை அழிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அவசரப்பட்டு வெட்டினால் அசுவினிகள் கலைந்து பக்கத்து மரங்களுக்குப் பரவும். முதலில் மருந்து தெளித்து அவற்றைக் கொல்ல வேண்டும். பிறகு கிழங்கோடு தோண்டியெடுக்க வேண்டும். கிழங்கை விட்டுவைத்தால் அதிலிருந்து நோயுற்ற கன்றே மீண்டும் முளைக்கும். மனத்தின் குறைகளும் இத்தகையவையே. ஆத்திரத்தோடு அவற்றைத் தாக்கினால் வேறிடத்தில் தலைகாட்டும். மேலாக வெட்டினால் மீண்டும் துளிர்க்கும்.

இத்தகைய செயலின் நோக்கத்தைக் கீதையின் மூன்றாம் அத்தியாயம் 'லோக சங்கிரகம்' என்ற சொல்லால் குறிக்கிறது. உலகத்தார் சிதறாமல் ஒன்றுகூடி நிற்கும்படி, தனக்கென்று பலன் கருதாமல் ஒருவன் செய்யும் செயல் அது. தன் மரத்தைத் தானே தோண்டும் விவசாயி அந்தச் சொல்லை அறிந்திராவிட்டாலும் அதன் பொருளை வாழ்ந்து காட்டுகிறார்.

கீழ்ப்பழனியின் கதை அழிவோடு முடியவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், 1993-இல் திருச்சியில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும், வைரஸ் இல்லையெனச் சோதித்த தாய்மரங்களிலிருந்து திசு வளர்ப்பு முறையில் கன்றுகளை உருவாக்க உதவின. மலைவாழை விவசாயிகள் அமைப்பாகக் கூடினர். பழனிப் பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் நோய் முற்றிலும் நீங்கிவிடவில்லை. சோதித்த கன்றையே நட்டாலும், தோட்டத்தை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும்.

'வாழையடி வாழையாக வாழ்க' என்று வாழ்த்துவோர் இதையும் நினைவில் கொள்ளலாம். அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுத்துவிட்டுச் செல்வது எளிது. கொடுப்பதைச் சோதித்துப் பார்ப்பதும், கொடுக்கக் கூடாததைத் தன் காலத்திலேயே கிழங்கோடு அகற்றிவிடுவதும் கடினம். அந்தக் கடினமான பணியைச் செய்பவரே தமக்குப் பின் வருவோருக்கு உண்மையான ஆசி வழங்குகிறார்.