தவணை கேட்டல் தகுமா?

கடன் என்னும் ஒரே சொல் தமிழில் இரு பொருள் தந்து நிற்கிறது. பிறரிடம் பெற்ற பொருளும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். பெற்றதைத் திருப்பித் தருதல் செய்தே தீரவேண்டியது என்பதை இச்சொல்லே நமக்கு உணர்த்துகிறது. ஆயின், திருப்பித் தர மனமிருந்தும் கையில் பொருளில்லாதவன் என் செய்வான்? தவணையைத் தள்ளிவைக்குமாறோ, குறைக்குமாறோ அவன் கேட்பது அறமாகுமா? கல்விக் கடன் பெற்ற இளைஞர் நம் இல்லங்களிலும் அண்டை வீடுகளிலும் இருப்பதால் இவ்வினா வெறும் வாதத்திற்கு உரியதன்று.

நாம் வாழும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் ஆலைகளை நம்பிய பகுதி. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல், ஏர் பிடித்த குடும்பங்களின் பிள்ளைகள் இயந்திரம் பிடிக்கலாயினர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் பயின்று, அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பொம்மசந்திராவுக்கும் பெங்களூருவுக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் இங்குப் பலர். படித்தால் வேலை உண்டு என்று இவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.

2013-ஆம் ஆண்டில், நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. கேழ்வரகும் அவரையும் விளைக்கும் சிறு நிலத்தையன்றி வேறு வருவாய் இல்லாத அவன் தந்தையார், வங்கிப் படிவத்துடன் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். "டீச்சரம்மா, மூன்று லட்சம் என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார். "தயங்காமல் போடுங்கள். வேலை கிடைத்ததும் பையன் அடைத்துவிடுவான்" என்றோம். படிக்கும் காலத்திலும் வட்டி வளரும் என்பதை நாம் சொல்லவில்லை. பெற்றோரின் ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்திற்குள் இருந்தால், அக்காலத்து வட்டியை நடுவண் அரசே ஏற்கும் மானியத் திட்டம் 2009 முதல் நடப்பில் இருந்ததையும், அதற்கு வருமானச் சான்று தரவேண்டும் என்பதையும் சொல்லவில்லை. நாமே அறியாதிருந்தோம். அறியாமல் கூறிய அறிவுரையும் பிறர் தோளில் ஏற்றிய சுமைதான் என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

அவன் 2017-இல் படிப்பை முடித்து, வாகன உதிரிபாகங்கள் செய்யும் சிறு தொழிலகம் ஒன்றில் சேர்ந்தான். ஓராண்டுக்குப்பின் தவணையும் ஒழுங்காகக் கட்டிவந்தான். 2019-இல் வாகன விற்பனை நாடெங்கும் சரிந்தது. அசோக் லேலண்டு போன்ற பேராலைகளே ஓசூரில் உற்பத்தியில்லா நாள்களை அறிவித்தன. பேராலை ஐந்து நாள் நின்றால், அதனை நம்பிய சிறு தொழிலகம் ஒரு மாதம் நிற்கும். ஒப்பந்தப் பணியாளர்களே முதலில் வெளியேற்றப்பட்டனர். அவனும் அவர்களுள் ஒருவன்.

வேலை போனதை அவன் வங்கிக்குச் சொல்லவில்லை. வெட்கம் தடுத்தது. கடன் தந்த கிளை பெற்றோரின் ஊரில். அவனோ எல்லைக்கு அப்பால் அறையெடுத்து வேலை தேடிக்கொண்டிருந்தான். ஆங்கிலத்தில் வந்த கடிதங்களைத் தந்தையார் பிரிக்காமலே சாமி படத்தின் பின்னால் செருகி வைத்தார். தொண்ணூறு நாள் தவணை தவறினால் அக்கணக்கு வாராக்கடன் ஆகும் என்பது வங்கி விதி. 2020 பிப்ரவரிக்குள் அவன் கணக்கு அந்நிலையை அடைந்துவிட்டது.

அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு வந்தது. மார்ச் முதல் ஆகஸ்டு வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு இசைவளித்தது. வட்டி மட்டும் நிற்கவில்லை. வட்டிக்கு வட்டி போடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. கல்விக் கடன் உள்ளிட்ட இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வேறுபாட்டை அரசே அந்த ஆண்டு ஈடுசெய்தது. அக்காலத்திற்கு யாரிடமும் வட்டிக்கு வட்டி வாங்கலாகாது என்று 2021 மார்ச்சு 23-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் முழு வட்டியையும் தள்ளுபடி செய்ய மறுத்தது. அரசின் ஈட்டுத்தொகை, 2020 பிப்ரவரி 29-இல் வாராக்கடன் ஆகாத கணக்குகளுக்கே உரியதாயிற்று. அதனால் நம் மாணவனுக்கு அது கிட்டவில்லை. வறுமை அவனுக்கு விளைத்த இழப்போடு மௌனம் விளைத்த இழப்பும் சேர்ந்துகொண்டது.

இனி அறத்தின் வழிநின்று எண்ணுவோம். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், இல்லறத்தார் நோன்புகளுக்கு நேரும் அதிசாரங்களாகிய குற்றங்களை ஐந்தைந்தாக வகுத்துக் கூறுகிறது. வாய்மை நோன்பின் குற்றங்களுள் பொய்ப்பத்திரம் எழுதுதலும், நம்பி ஒப்படைத்த பொருளை மறைத்தலும் இடம்பெறுகின்றன. இவை வாங்கியவனை எச்சரிப்பவை. இயலாமையைச் சொல்லித் தவணை கேட்பவன் எதனையும் மறைக்கவில்லை. ஆதலின் அவன் நோன்பு கெடவில்லை. முகவரி மாற்றி ஒளிபவனும், கையில் பொருள் வைத்துக்கொண்டே இல்லையென்பவனுமே அந்நோன்பை முறிக்கின்றனர்.

அதே அத்தியாயம் கொல்லாமை நோன்பின் குற்றங்களையும் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. வண்டி மாட்டின் மீது ஏற்றலாகாத சுமையை மனிதன் மீது ஏற்றலாமா? உண்ணவும் போதாத கூலியிலிருந்து முழுத் தவணையையும் பிடுங்குதல் நான்காம் குற்றம் மட்டுமன்று, ஐந்தாம் குற்றமும் ஆகும். இது கொடுத்தவனை எச்சரிப்பது. கொடுக்கல் வாங்கல் தொழில் செய்வோர் நம் சமூகத்திலும் உள்ளமையால் இதனைச் சற்று அழுத்தியே சொல்கிறோம்.

ஆயினும் ஒத்திவைப்பு இலவசமன்று. மூன்று லட்சம் ரூபாயைப் பத்து விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டில் அடைத்தால், மாதம் ஏறத்தாழ 6,374 ரூபாய் கட்டவேண்டும். மொத்த வட்டி 82,000 ரூபாய்க்குச் சற்று மிகும். அதனையே பத்தாண்டாக நீட்டினால் மாதத் தவணை 3,965 ரூபாயாகக் குறையும். மொத்த வட்டியோ 1,75,000 ரூபாயைத் தாண்டும். ஆகவே தேவையுள்ள அளவுக்கு மட்டும் நீட்டுதலும், கை தாராளமானதும் கூடுதலாகக் கட்டி முடித்தலும் அறிவுடைமை. உண்மையான துன்பத்திற்கு அமைந்த வழியைச் சோம்பலுக்குப் பயன்படுத்துவோர், பின்வரும் ஏழை மாணவருக்கு அக்கதவை அடைக்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

கேட்பதற்கு வழிகள் உள்ளன. இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்து, பின் திருத்திய மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின்னரே தவணை தொடங்கும். அதன்பின் 15 ஆண்டு வரை அடைக்கலாம். வேலையற்ற காலத்திலும், தகுதிக்குக் குறைந்த வேலையில் இருக்கும் காலத்திலும், கடன் முடிவதற்குள் இரண்டு மூன்று முறை தவணையை நிறுத்திவைக்கவும் 2015-ஆம் ஆண்டின் திருத்தம் வங்கிகளுக்கு இடமளித்தது. தவணை தவறுவதற்கு முன்பே எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்துடன் படி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது நாளில் விடை வாராவிடின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

ஒத்திவைத்தல் சரி, குறைத்தல் தகுமா என்பார் உளர். 1963-இல் நடுவண் அரசு தொடங்கிய தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தில் வட்டியே இல்லை. அக்கடன் பெற்றுப் படித்து ஆசிரியப் பணி ஏற்றவருக்கு, பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்திலொரு பங்கு கழிக்கப்பட்டது. நம்மோடு பணியாற்றியவர்களே அதனால் பயனடைந்தனர். அவர்களை எவரும் கடனை ஏய்த்தவர் என்று கூறவில்லை. ஆஸ்திரேலியாவில் 1989 முதல், வருமானம் குறித்த அளவைத் தாண்டினால்தான் கல்விக் கடனைத் திருப்பிக் கட்டவேண்டும். நம் நாட்டிலோ பாரத ஸ்டேட் வங்கி தமிழ்நாட்டுக் கல்விக் கடன்கள் பலவற்றை, நிலுவையினும் குறைந்த விலைக்குத் தனியார் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்திற்கு விற்றது. நிறுவனத்திற்குக் குறைத்துக் கொடுக்க இசையும் வங்கி, அக்குறைப்பைக் கடன்பட்ட ஏழை மாணவனுக்கே முதலில் தந்தால் என்ன? இவ்வினாவுக்கு நேரிய விடையை நாம் இன்றுவரை கேட்டிலோம்.

2021-ஆம் ஆண்டில் அத்தந்தையாரோடும் மகனோடும் நாமும் வங்கிக்குச் சென்றோம். பிரிக்கப்படாத கடிதங்கள் ஏழும் ஒரு துணிப்பையில் இருந்தன. மேலாளர் அவற்றைப் பார்த்துவிட்டு, "முதல் கடிதத்தோடு வந்திருந்தால் எவ்வளவோ எளிதாக இருந்திருக்குமே, அம்மா" என்றார். காலம் நீட்டப்பட்டது, தவணை குறைந்தது, ஏறிய வட்டி ஏறியதுதான். அவன் இன்று வேறோர் ஆலையில் பணிபுரிந்து மாதந்தோறும் கட்டிவருகிறான். இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. தன் பொருட்டுத் தங்கையின் படிப்பு ஓராண்டு தள்ளிப்போனதை அவன் நம்மிடம் கூறியபோது, நாம் விடை கூற இயலாது நின்றோம்.

ஆகார தானம், ஔஷத தானம், சாத்திர தானம், அபய தானம் என நம் ஆன்றோர் தானத்தை நான்காக வகுத்தனர். கடன்பட்ட பிள்ளையின் கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்வதும், விண்ணப்பம் எழுதித் தருவதும், உடன் சென்று வங்கிப் படியேறுவதும் சாத்திர தானம், அபய தானம் இரண்டின் பாற்படும். இதற்குச் செல்வம் வேண்டா. எழுத்தறிவும் அரை நாளும் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு இவ்விரண்டும் உண்டு.

அன்பர்களே! உங்கள் தெருவிலும் பிரிக்கப்படாத கடிதம் ஒன்று இருக்கக்கூடும். அதனைப் பிரிக்கத் துணை நில்லுங்கள்.