ஒலிக்குத் தந்த மதிப்பு

சக்ஸபோன் கர்நாடக இசைக்கு ஆகாத அந்நியக் கருவி என்று ஒதுக்கியோர் ஒரு காலத்தில் இருந்தனர். பெல்ஜியரான அடோல்ப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற அது, இராணுவ வாத்தியக் குழுக்களிலேயே முதலில் வேரூன்றியது. அமெரிக்கக் கறுப்பின மக்களோ அதே கருவியில் தம் தேவாலயப் பாடலின் வேதனையையும் களிப்பையும் ஏற்றி, 1950களிலும் 1960களிலும் 'சோல் ஜாஸ்' இசையை வளர்த்தனர். நாகஸ்வரக் கலைஞரின் மகனான கத்ரி கோபால்நாத் (1949–2019) மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் அதைக் கேட்டார். கமகம் குழைந்து வரும்படி கருவியையே திருத்தினார். 2008இல் ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் அவர் வாசித்த இசைத்தட்டின் பெயர் 'கின்ஸ்மென்'. உறவினர் என்று பொருள்.

அப்படியாயின் அந்நியம் எது? வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. அதற்கு மேடை எப்போதோ கிடைத்துவிட்டது. மங்கலம் எனப் போற்றப்பட்ட நாகஸ்வரத்தை ஊதியவரோ நெடுங்காலம் நின்றபடியே ஊதவேண்டியிருந்தது. ஒலியை உள்ளே அழைத்து, ஊதுபவரை வாசலில் நிறுத்துவது அறமாகுமா?

தஞ்சாவூரைக் குற்றஞ்சாட்டுவது எமக்கு எளிது. பாலமுனையில், நோன்பு காலத்தில் சஹருக்கு எழுப்ப வரும் பக்கீர் பாவாவின் றபான் ஓசையில் கண்விழித்து வளர்ந்தவர்கள் நாம். பெருநாளன்று வாசலுக்கு வந்தவருக்குச் சில்லறை கொடுத்தோம், கதிரை கொடுத்ததில்லை. இப்பாடத்தை நடத்திய அன்று, அவர் பெயர் என்னவென்று மாணவனொருவன் கேட்டான். எமக்குத் தெரிந்திருக்கவில்லை.