சான்றும் கற்பனையும்

மண்ணை அகழ்ந்து உண்மை காண்பவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கிடைத்த பொருள் எவ்வளவு சொல்கிறதோ, அவ்வளவே அவன் சொல்லலாம். கதை புனைபவனுக்கோ அக்கட்டுப்பாடு இல்லை. சான்று நின்றுவிடும் இடத்தில் அவனும் நின்றுவிட்டால் கதை நடவாது. இவ்விரு பணிகளையும் ஒருவரே மேற்கொள்வது அறமாகுமா? 'தெரியவில்லை' என்று ஆய்வேட்டில் எழுதிய கை, தெரிந்ததுபோல் புதினத்தில் எழுதலாமா? வரலாற்றுப் புதினங்களில் தோய்ந்து வளரும் தமிழ் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

இவ்வினாவைத் தம் வாழ்வாலேயே எழுப்பியவர் இராகல்தாஸ் பானர்ஜி. வங்காளத்துப் பகரம்பூரில் 1885-இல் பிறந்த அவர், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிப் பின்னர் இந்தியத் தொல்லியல் துறையில் உயர்ந்தார். 1922-இல் மொகஞ்சதாரோவில் அகழ்வைத் தொடங்கிச் சிந்துவெளி நாகரிகம் உலகிற்குத் தெரிய வழிவகுத்தார். கல்வெட்டிலும் நாணயத்திலும் எழுத்தின் வரலாற்றிலும் வல்ல அவரே, வங்க மொழியில் 'சசாங்கன்', 'தர்மபாலன்', 'கருணா' முதலிய வரலாற்றுப் புதினங்களையும் படைத்தார். பர்குத் தூபியின் கல்லொன்று தன் கதையைத் தானே உரைப்பதாக அமைந்த நூலும் அவருடையதே. 1930-இல், தம் நாற்பத்தைந்தாம் அகவையில் மறைந்தார்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கௌட நாட்டை ஆண்ட சசாங்கனைப் பற்றி விரிவாகக் கூறுவோர் இருவர். ஒருவர் ஹர்ஷனின் அவைப்புலவரான பாணர். மற்றவர் ஹர்ஷனின் ஆதரவைப் பெற்ற சீனப் பயணி யுவான் சுவாங். ஹர்ஷனோ சசாங்கனின் பகைவன். ஆகவே வழிவழியாக வந்த சித்திரம் பகைவர் தரப்பினர் தீட்டிய சித்திரமே. வழக்கில் ஒரு தரப்பு மட்டும் பேசிச் சென்றிருக்க, மறுதரப்பு வாயடைத்துக் கிடப்பதை ஆய்வாளர் அறிவார். அறிந்தும், வேறு சான்று இல்லாதபோது ஆய்வேட்டில் அவர் ஐயத்தை மட்டுமே எழுப்ப இயலும். அந்த மன்னனுக்கு ஒரு நெஞ்சம் இருந்ததெனக் காட்டக் கதையே துணையாகும். பானர்ஜி புதினத்தை நாடியதன் நியாயம் இங்கே விளங்கும்.

ஆயினும் இடர் இல்லாமல் இல்லை. சசாங்கன் பிற்காலக் குப்தனான மகாசேனகுப்தனின் மகனாகவோ மருகனாகவோ இருக்கலாம் என்பது ஆய்வாளர் பானர்ஜியின் கருதுகோள். புதினத்தில் அவன் ஐயமின்றி மகனே. 'இருக்கலாம்' என்ற ஒரு சொல் உதிர்ந்துவிடுகிறது. எளிய கதாசிரியர் இவ்வாறு எழுதினால் கதையென்று கொள்வர்; அகழ்வாய்வாளர் எழுதினால் சான்றென்று மயங்குவர். அவருடைய புலமையே அவருடைய கற்பனைக்கு முத்திரை இட்டுவிடுகிறது.

அப்புதினத்தை இந்தியில் பெயர்த்த இராமச்சந்திர சுக்லர், துன்பியலாக அமைந்த முடிவையே மாற்றிவிட்டார். வரலாறாயின் மொழிபெயர்ப்பாளர் முடிவை மாற்ற ஒண்ணுமோ? ஆனால் 619-ஆம் ஆண்டுக் கஞ்சம் செப்பேடு சசாங்கனை மகாராசாதிராசன் எனக் குறிப்பிடுவதை எவரும் மாற்ற இயலாது. கதைக்கும் சான்றுக்கும் உள்ள எல்லை இதுவே.

இந்த எல்லை சிங்கப்பூர்த் தமிழருக்குத் தொலைவில் உள்ளதன்று. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1819-இல் காணப்பட்ட பெரும்பாறையில் ஏறத்தாழ 50 வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1843-இல் ஆற்று வாயிலை அகலப்படுத்த அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டுகளில் சில கல்கத்தாவிற்குச் சென்றன. ஒன்று 1918-இல் திரும்பி வந்து, இன்று தேசிய அரும்பொருளகத்தின் உடைமையாக உள்ளது. மொகஞ்சதாரோ முத்திரைகளைப் போலவே அதன் எழுத்தும் இன்றுவரை ஐயமறப் படிக்கப்படவில்லை. 2019-இல் இயன் சிங்கிளேர் என்னும் ஆய்வாளர், அதிலுள்ள சில எழுத்துகள் 'பரகேசரிவர்மன்' என்னும் சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் எனக் கருத்துரைத்தார்.

கல்கியையும் சாண்டில்யனையும் படித்து, 1025-ஆம் ஆண்டின் கடாரப் படையெடுப்பை எண்ணி மெய்சிலிர்க்கும் சிராங்கூன் சாலை மாணவன் ஒருவனுக்கு அவ்வெழுத்துகள் எத்துணை இனிமையாக ஒலிக்கும்! இராசேந்திரனே ஆற்றங்கரையில் நின்று கல்லைப் பொறிக்கச் செய்தான் என்று அவன் ஒரு புதினம் எழுதினால் அது குற்றமன்று. அதையே வரலாற்றுத் தேர்வில் விடையாக எழுதினால் குற்றம். முன்னோரின் பெருமைக்காகச் சொன்னாலும் சான்றில்லாத கூற்று சான்றில்லாததே. ஒரு நாள் அது பொய்யென நிறுவப்படுமாயின், மெய்யான பெருமையும் உடன் ஐயத்திற்கு உள்ளாகும்.

ஆகவே இரு பணிகளையும் ஒருவர் மேற்கொள்வதில் அறக்கேடு இல்லை. இரண்டையும் ஒன்றெனக் காட்டுவதிலேயே அறக்கேடு உண்டு. சான்றின் வெற்றிடத்தைக் கற்பனை நிரப்பலாம். அவ்விடம் வெற்றிடமாக இருந்தது என்பதை மறைத்தலாகாது. பாறையின் கதையைப் புனைய விரும்பும் மாணவனை ஆசிரியர் தடுக்க வேண்டுவதில்லை. அவனை அரும்பொருளகத்திற்கு அழைத்துச் சென்று, படிக்கப்படாத அந்த வரிகளின் முன்னே சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் போதும். பின்னர் அவன் எழுதட்டும்.