சலித்துப்போனது இருதயமா, கதையா?

போன மாதம் ஒரு வாலிப சகோதரி என் வீட்டுக்கு வந்தாள். விவாகத்துக்கு நாள் குறித்தாயிற்று, புடவைகூட எடுத்தாயிற்று. ஆனால் முகத்தில் சந்தோஷமே இல்லை. மெதுவாக விசாரித்தேன்.

"அக்கா, சிரிக்காதீங்க. ஆறு மாசமா செல்போன்ல ஒரு காதல் கதை கேம் விளையாடினேன். அந்த ராஜகுமாரனுக்காக ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தேன். இப்போ அதைத் திறக்கவே மனசு வரல, சப்புன்னு போயிடுச்சு. ஒரு பொம்மை மேலயே ஆறு மாசத்துல ஆசை விட்டுப்போச்சுன்னா, நாளைக்கு இவர் மேல...?" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

"கேம்தானே, அழிச்சுப்போடு" என்று சொல்லி அனுப்புவது சுலபம். ஆனால் அவள் கேட்டது வேறு. ஆசை விட்டுப்போவது எப்போதுமே இருதயத்தின் குற்றம்தானா?

விளையாட்டைக் காட்டச் சொன்னேன். (பெயர் வேண்டாம்.) கதை ஓடுகிறது, நடுவில் நின்று, கதாநாயகி என்ன சொல்லலாம் என்று இரண்டு மூன்று பதில்களைக் காட்டுகிறது. ஒன்றைத் தொட வேண்டும். அன்பான பதிலுக்கு வைரம் கேட்கிறது, வைரத்துக்குப் பணம். காசில்லாதவளுக்கு வெடுக்கென்ற பதில்தான் இலவசம்! சரி என்று கோபமாய்ப் பேசிப் பார்த்தோம். அவன் ஒரு வரி முகம் வாடினான். அடுத்த காட்சியில் அதே புன்னகை, அதே வசனம். விலகிப் போகிறேன் என்றோம். கதை எங்களைச் சுற்றிக் கொண்டுவந்து அதே மாளிகை வாசலில் விட்டது. அவளை நேசிக்காமல் இருக்க அவனுக்கு வழியே இல்லை, பிரியமானவர்களே! அதற்குப் பெயர் நேசமா?

இந்த வகை எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். 1994-ல் ஜப்பானில் கோயெய் நிறுவனம் 'ஆஞ்சலிக்' என்ற விளையாட்டை வெளியிட்டது. பெண்களுக்கென்று வந்த முதல் காதல் விளையாட்டு என்று அதைச் சொல்வார்கள். அதில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி, பிரபஞ்சத்துக்கே ராணியாக வர இன்னொருத்தியோடு போட்டி போடுகிறாள். ஒன்பது காவலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனோடு வாழ்வதைத் தெரிந்துகொண்டால் சிங்காசனத்தை விட்டுவிட வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது!

2016-ல் தென்கொரியாவின் செரிட்ஸ் நிறுவனம் செல்போனுக்குக் கொண்டுவந்தது 'மிஸ்டிக் மெசெஞ்சர்'. கதை 11 நாள் நடக்கும். உரையாடல்கள் கடிகார நேரப்படி, நடுராத்திரியிலும் திறக்கும். நீங்கள் தூங்கிப்போனால் அவர்கள் உங்களை விட்டுவிட்டுப் பேசி முடித்துவிடுவார்கள். (அங்கேயும் கடை உண்டு, அது வேறு விஷயம்.) தவறான பதில்களாய்ச் சொல்லிக்கொண்டு போனால் கதை துக்கத்தில் முடியும். நாம் சொன்ன ஒரு சொல்லுக்கு அங்கே ஏதோ ஒரு விலை இருக்கிறது.

சகோதரியைக் கேட்டேன்: "அவர் உன்கிட்ட எப்பவாவது முடியாதுன்னு சொல்லியிருக்காரா?"

"யாரு, ராஜகுமாரனா?"

"இல்லம்மா. உனக்கு நிச்சயம் பண்ணினவரு."

சட்டென்று நிமிர்ந்தாள். "போன வாரம்தான் சண்டை. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போக வேணாம்ங்கிறாரு. ரெண்டு நாள் போனே எடுக்கல."

"அதுல சலிப்பு வந்துச்சா?"

"சலிப்பா? வயித்தைக் கலக்குது அக்கா!"

இதோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஆறாம் மாதம் சலித்தது சரி. முதல் ஐந்து மாதம் ஏன் சலிக்கவில்லை? எதிர்த்துப் பேசாத ஒருவன் நமக்கு இனிப்பாக இருந்தான் அல்லவா? நானும் என் வீட்டுக்காரரிடம் அதைத்தான் முப்பது வருஷமாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன், வைரம்தான் கொடுக்கவில்லை. இதை அவளிடமும் சொன்னேன். கொஞ்சம் சிரித்தாள், பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்கு அவரை நேர்ல பார்க்கிறேன். வேலையை விட மாட்டேன்னு சொல்லப்போறேன். என்ன சொல்லுவாருன்னு தெரியல அக்கா" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை.