அச்சம் யாரைக் கட்டுகிறது?

திருநாவலூர்! சுந்தரர் தோன்றிய ஊர் என்று சைவ அன்பர்கள் போற்றிடும் ஊர். அவர் பாடிய திருத்தொண்டத்தொகையிலே மண்கலம் வனைபவருக்கும், துணி வெளுப்பவருக்கும், வேடருக்கும் இடமுண்டு என்று மேடைதோறும் பெருமை பேசுவர். ஏட்டிலே இடம் கிடைத்தது, சரி. தெருவிலே கிடைத்ததா என்று நாம் நெடுநாளாகக் கேட்டு வருகிறோம். 2020-ஆம் ஆண்டில் அந்தக் கேள்வி புதிய வடிவிலே நம் முன் வந்து நின்றது.

சென்னைக் கோயம்பேடு அங்காடியிலே கொரோனா பரவிற்று. மே 5-ஆம் நாள் அங்காடி மூடப்பட்டது. அங்கே மூட்டை சுமந்து வயிறு வளர்த்தோர் கள்ளக்குறிச்சிக்கும், விழுப்புரத்துக்கும், கடலூருக்கும், அரியலூருக்கும் திரும்பினர். அவர்களுள் சிலரோடு நோயும் வந்தது. இது வதந்தியன்று, உண்மை. திருநாவலூர்த் தெருவொன்றிலே, அவ்விதம் திரும்பிய மகனொருவன் தன் வீட்டு வாயிலில் வந்து நிற்பதாக எண்ணிக்கொள்வோம். அண்டை வீட்டார் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் குற்றமா?

குற்றமன்று என்போம். கொல்லும் நோய்க்கு அஞ்சாதவன் வீரனல்லன். பிறர் உயிரைப் பொருட்படுத்தாதவன். ஆனால், அச்சத்தை எடைபோட ஓர் அளவுகோல் உண்டு. நமது அச்சம் நம்மைக் கட்டுகிறதா, பிறரைக் கட்டுகிறதா? முகக்கவசம் அணிந்திடச் சொல்லும் அச்சம், கை கழுவிடச் சொல்லும் அச்சம், கூட்டத்தை விட்டு விலகிடச் சொல்லும் அச்சம் நம்மைக் கட்டுகிறது. அதன் பெயர் எச்சரிக்கை. கல்லெடுக்கச் சொல்லும் அச்சம் பிறரை வதைக்கிறது. அதன் பெயர் கொடுமை.

கல்லெடுத்தனரா? எடுத்தனர்! 2020 ஏப்ரல் 19-ஆம் நாள் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவுக்குப் பலியானார். கீழ்ப்பாக்கத்திலே அவருடலைப் புதைக்கக் கூடாதென்று எதிர்ப்பு எழுந்தது. வேலங்காட்டு இடுகாட்டிலே கற்கள் பறந்தன. ஊர்தியின் கண்ணாடி உடைந்தது. உடன் வந்தோர் குருதி சிந்தினர். முடிவில், உடன் பணியாற்றிய மருத்துவரே நள்ளிரவிலே மண்வெட்டி பிடித்து நண்பரைப் புதைத்திட நேர்ந்தது. பிணத்தின் வழியே எவருக்கும் இந்நோய் தொற்றியதாகச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய மாதமே கூறியிருந்தது. அறிவு வந்து சேரவில்லை. கல் வந்து சேர்ந்துவிட்டது! இறுதிச் சடங்கைத் தடுப்போர்க்கு 3 ஆண்டு வரை சிறை என்று ஏப்ரல் 26-ஆம் நாள் தமிழக அரசு அவசரச் சட்டம் கொணர்ந்தது. மண்ணிடச் சட்டம் தேவைப்பட்ட நாளை நாம் மறந்திடலாகாது.

"அறிந்தோரே அன்று தடுமாறினரே, பாமரரைப் பழிக்கலாமா?" என்று கேட்டிடுவர். நேர்மையான கேள்வி. இந்நோய் காற்றிலே மிதந்து பரவுவதன்று என 2020 மார்ச்சில் அதே நிறுவனம் அறிவித்தது. பின்னர், காற்றின் வழியும் பரவும் என ஒப்புக்கொண்டது. காய்கறியைக் கழுவிக் கழுவி வைத்தோம். காற்றோட்டமில்லா அறையிலே கூடி அமர்ந்தோம். ஆம், அறிவு தடுமாறும். ஆனால் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். எறிந்த கல்லைத் திருத்த இயலுமோ? ஐயம் இருக்குமிடத்திலே விலகி நிற்க நமக்கு உரிமையுண்டு. வீழ்ந்தவரை விரட்ட உரிமையில்லை. அறிந்தோர்க்கும் கடமையுண்டு: தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாதது என்றும் மக்களுக்கு மறைக்காமல் கூறிடவேண்டும்.

பெரியம்மையை அன்னையின் சீற்றம் என்றோம். 1980-இலே அது உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது, ஒழித்தது தடுப்பூசி. 1986-இலே சென்னையில் சுனிதி சாலமன் குழுவினர் எச்.ஐ.வி. கிருமி இந்நாட்டிலும் உண்டெனக் கண்டறிந்தனர். தொட்டால் பரவாது, உடன் உண்டால் பரவாது என்று மருத்துவர் சொல்லியும், தட்டைத் தனியே வைத்தோர் எத்தனை பேர்! தொட்டால் தீட்டு என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை, கிருமியின் பெயரைக் கேட்டதும் பழைய வழக்கத்துக்கே ஓடுகிறது. நோய்க்கான இடைவெளி நாள்கணக்கிலே முடியும். நோய் தீர்ந்த பின்னும் முடியாத இடைவெளிக்குத் தீண்டாமை என்றே பெயர்.

இன்னொன்றும் எண்ணிப் பாரீர். விரட்டப்படுவோம் என்று அஞ்சுகிறவன் காய்ச்சலை மறைப்பான், மருத்துவமனைக்குச் செல்லான், மறைத்த நோய் மூடிய வீட்டிலே பெருகித் தெருவுக்கு வரும். கல்லெறிந்து காத்துக்கொள்ள நினைத்த தெருவே முதலில் வீழும். இரக்கம் இங்கே ஈகை மட்டுமன்று, தற்காப்பும் ஆகும்.

ஆகவே, திருநாவலூர்த் தெருவிலே வந்து நின்ற அந்த மகனுக்கு நாம் செய்யத் தக்கது என்ன? சில நாள் தனித்திரு தம்பி என்று சொல்லுவோம். சொல்லிவிட்டு, வேளை தவறாமல் அவன் வாயிலிலே சோறு வைப்போம். சோறு வைக்காமல் தனித்திரு என்று மட்டும் சொல்வோமானால், நாம் காத்தது ஊரையன்று, நமது அச்சத்தையே.