சதி, வேதனை, கோபம்: பவுத்தத் தியானம் குறித்துச் சில கேள்விகள்

"கோபம் வந்தா அதப் பாரு. எழும்பும், கொஞ்ச நேரம் நிக்கும், போயிடும். அதோட சண்ட போடாத, அதும் பின்னாடியும் ஓடாத." விபாசனா முகாமுக்குப் போய்வந்த நம் இளைஞர்கள் இப்படிச் சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு தோழர் வெடிக்கிறார்: "போயிடும்னா எங்கய்யா போவும்? ஊர்க்காரன் அடிச்ச அடியும் சேந்து போயிடுமா? நம்மகிட்ட மிச்சமிருக்கிறது இந்தக் கோபம் ஒண்ணுதான். அதயும் கண்ண மூடிக் கரைக்கச் சொல்றியா?"

நம் வாசிப்பு வட்டங்களில் அடிக்கடி கேட்கிற சண்டை இது. அவரவர் விருப்பம் என்று விட்டுவிட முடியாது. அநீதிக்கு ஆளானவர் தன் கோபத்தை என்ன செய்வது என்கிற அறக்கேள்வி இதற்குள் இருக்கிறது. 'அமைதியா இருப்பா' என்று பஞ்சாயத்தில் உட்கார்ந்திருக்கும் ஆதிக்க சாதிக்காரர் சொல்வதற்கும், மனத்தைக் கவனி என்று புத்தர் சொல்வதற்கும் வேறுபாடு உண்டா? உண்டென்றால் எங்கே?

பாபாசாகேப் 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் பவுத்தம் தழுவியபோது மக்களுக்குத் தந்த 22 உறுதிமொழிகளில் எண்வழிப் பாதையைப் பின்பற்றுவதும் ஒன்று. அந்தப் பாதையில் ஏழாவது 'சம்மா சதி', நற்கவனம். ஆகவே இது யாரோ பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுங்கிவிட வழியில்லை. நாம் ஏற்ற தம்மத்துக்கு உள்ளேயே இந்தக் கேள்வி இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'சதி' என்றால் தமிழ்க் காதுக்குச் சூழ்ச்சி. வடக்கே அது பெண்ணைக் கணவன் பிணத்தோடு கொளுத்திய வழக்கம். பாலிச் சொல்லுக்கு இவை இரண்டோடும் உறவில்லை. பாலியின் 'சதி'யும் வடமொழியின் 'ஸ்மிருதி'யும் ஒரே வேர். பொருள்: நினைவு. நெடுநாளைக்கு முன் செய்ததையும் சொன்னதையும் மறவாமல் நினைவில் வைத்திருப்பதுதான் சதி என்று பழைய சுத்தங்களிலேயே விளக்கம் இருக்கிறது.

மனுவின் நூலுக்குப் பெயர் ஸ்மிருதி. 1927 டிசம்பர் 25இல் மகாடில் பாபாசாகேப் தலைமையில் எரிக்கப்பட்டது அந்த ஸ்மிருதி. ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு நினைவுகள். ஒன்று யார் யாருக்கு அடிமை என்பதை மறக்கவிடாமல் காக்கும் நினைவு. மற்றது தனக்குள்ளும் தன்னைச் சுற்றியும் என்ன நடக்கிறது என்பதை மறக்காமல் இருக்கும் நினைவு. இன்றைக்குத் தியானம் கற்பிக்கும் பலர் 'இந்தக் கணத்தில் இரு, கடந்ததை விடு' என்கிறார்கள். நினைவு என்று பொருள்படும் சொல்லை மறதிக்குப் பயன்படுத்துவது எப்படி நடந்தது?

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நெடுங்காலம் தியானம் பிக்குகளின் வேலையாக, அதிலும் சில பிக்குகளின் வேலையாகவே இருந்தது. 1885இல் பிரிட்டிஷ் படை மண்டலேயைப் பிடித்து, பர்மாவின் கடைசி மன்னர் தீபாவை இந்தியாவுக்கு நாடு கடத்தியது. சாசனத்தைக் காத்த அரசு இல்லை. இனி அதைச் சாதாரண ஜனங்கள்தான் காக்க வேண்டும் என்ற நிலையில் லெடி சயாடோ (1846–1923) ஊர் ஊராகப் போய் இல்லறத்தாருக்கு அபிதம்மத்தையும் தியானத்தையும் கற்பித்தார். அவர் வழியில் சயா தெட்ஜி என்கிற விவசாயி ஆசிரியரானார். அவரிடம் கற்ற ஊ பா கின் சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காயராக இருந்த அரசு அலுவலர். 1952இல் ரங்கூனில் தியான மையம் தொடங்கினார். அவரிடம் 1955இல் கற்ற வியாபாரி கோயங்கா 1969இல் இந்தியா வந்து முகாம்கள் நடத்தத் தொடங்கினார். 1976இல் இகத்புரி மையம் வந்தது. பத்து நாள் மவுனம், முதல் மூன்று நாள் மூச்சு, பிறகு உடலின் உணர்ச்சிகள், கட்டணம் கிடையாது: இன்று நம் பிள்ளைகள் போய்வருகிற முகாமின் வழி இது.

தியானத்தை மடத்திலிருந்து வயலுக்கும் ஆபீசுக்கும் கொண்டுவந்தது பெரிய காரியம். ஒரு விவசாயி தம்ம ஆசிரியராக உட்கார முடிந்தது என்பதை, சாதி பார்த்து மந்திரம் சொல்லிக்கொடுக்கும் நாட்டில் இருக்கும் நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் பரவப் பரவ ஒன்று கழன்றது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட் சின் இதை மன அழுத்தத்துக்கான மருத்துவப் பயிற்சியாக்கினார். நோயாளிகளுக்கு நல்லதுதான். பிறகு கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. எண்வழிப் பாதையில் அய்ந்தாவது நல்வாழ்வாதாரம், அதாவது பிறரைச் சுரண்டாத பிழைப்பு. அதை வாசலில் விட்டுவிட்டு ஏழாவதை மட்டும் உள்ளே அழைத்துப்போனார்கள். வேலைப்பளுவைக் குறைப்பதைவிட வேலைக்காரரை மூச்சுவிடச் சொல்வது மலிவு. 1994 ஏப்ரலில் டெல்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு ஒரே முகாம் நடந்தது. கைதிக்கு அது ஆறுதல் தந்திருந்தால் அந்த ஆறுதலைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் இந்தியச் சிறைகளில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். அவர்கள் உட்கார்ந்து கவனிக்க வேண்டியது மூச்சை மட்டும்தானா? அவர்கள் வழக்கை யார் கவனிப்பது?

இப்போது வேதனைக்கு வருவோம். பாலியில் 'வேதனா' என்றால் உணர்ச்சி. இன்பமானது, துன்பமானது, இரண்டுமில்லாதது என மூன்று. தமிழுக்கு வந்தபோது துன்பம் மட்டுமே நின்றது. சம்யுத்த நிகாயத்தில் ஓர் உவமை இருக்கிறது. உடம்பில் வலி வருவது ஓர் அம்பு. அந்த வலியை எண்ணி எண்ணி மனம் புழுங்குவது இரண்டாவது அம்பு. பயிற்சியுள்ளவருக்கு முதல் அம்போடு முடிந்துவிடும். முகாமில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் தோழரின் கேள்வி இங்கேதான் வந்து விழுகிறது: முதல் அம்பை விட்டது யார்?

இதற்குப் பதிலாகச் சிலர் மாலுங்கியபுத்தர் கதையை எடுத்துப்போடுவார்கள். அம்பு பட்டவர், எய்தவன் என்ன வருணம், என்ன ஊர் என்று தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால் செத்துத்தான் போவார் என்று மஜ்ஜிம நிகாயத்தில் புத்தர் சொல்கிறார். 'பாத்தீங்களா, எய்தவன் யாருன்னு கேக்கக் கூடாது!' என்று இவர்கள் முடித்துவிடுவார்கள். மாலுங்கியபுத்தர் கேட்டது என்ன? உலகம் நிலையானதா, அழியக்கூடியதா, எல்லையுள்ளதா என்பது போன்ற கேள்விகள். அவற்றுக்குத்தான் அந்த உவமை. பண்ணையார் ஏன் அடித்தார் என்று அவர் கேட்கவில்லை. அம்பை முதலில் பிடுங்கத்தான் வேண்டும். நாளைக்கும் அதே திசையிலிருந்து அம்பு வரும் என்றால், எய்தவன் யார் என்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். 'இது இருப்பதால் அது உண்டாகிறது' என்று காரணத்தைத் தேடச் சொன்னவர் புத்தர். தீக நிகாயத்தின் சக்கவத்தி சீகநாத சுத்தம், இல்லாதவர்க்குப் பொருள் கொடுக்காததால் வறுமை, வறுமையால் திருட்டு, திருட்டால் ஆயுதம், ஆயுதத்தால் கொலை என்று வரிசையாகக் காரணம் சொல்கிறது. துன்பத்தை உள்மனக் கோளாறு என்று மட்டும் பார்த்தவருக்கு இப்படிப் பேசத் தோன்றாது.

சதிபட்டான சுத்தம்தான் இந்தப் பயிற்சிக்கு அடிப்படை. உடல், உணர்ச்சி, மனம், தம்மங்கள் என நான்கைக் கவனிக்கச் சொல்கிறது. ஒவ்வொன்றின் முடிவிலும் திரும்பத் திரும்ப வருவது: உள்ளே கவனி, வெளியே கவனி, உள்ளும் வெளியும் சேர்த்துக் கவனி, அது தோன்றும் விதத்தையும் மறையும் விதத்தையும் கவனி. முகாம்களில் 'உள்ளே'யும் 'மறைவதும்' பெரிதாகின்றன. 'வெளியே'யும் 'தோன்றும் விதமும்' சிறுத்துப்போகின்றன. ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் நாம். வெளியே பார்ப்பதை விட்டுவிட்டு நமக்கு எந்த ஞானம் வரப்போகிறது?

அந்தச் சுத்தத்தில் உடலைக் கவனிக்கும் பகுதி நம் கதையோடு நேராக மோதுகிறது. இருபக்கமும் வாயுள்ள சாக்கில் நெல்லும் பயறும் எள்ளும் கலந்து கிடப்பதைப் பிரித்துப் பார்ப்பதுபோல், இந்த உடம்பில் மயிர், நகம், பல், தோல், மலம், சளி, சீழ், ரத்தம், மூத்திரம் இருக்கின்றன என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. தீட்டு என்ற கட்டடமே இங்கே ஆட்டம் காண்கிறது. பூணூல் போட்ட உடம்பிலும் இதேதான் இருக்கிறது. சுத்தமான சாதி உடம்பு என்று ஒன்று கிடையாது.

ஆனால் பிறந்ததிலிருந்து 'நீ அழுக்கு' என்று கேட்டு வளர்ந்த ஒரு தோட்டிப் பெண்ணிடம் போய் 'உன் உடம்பின் அழுக்கைத் தியானம் பண்ணு' என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? பழைய நூல்களிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. வெசாலியில் பிக்குகள் அழுக்குத் தியானம் செய்து, தங்கள் உடம்பையே வெறுத்து உயிரை விட்டார்கள் என்றும், அதன்பின் புத்தர் மூச்சைக் கவனிக்கும் முறையைக் கற்பித்தார் என்றும் விநயத்தில் வருகிறது. மருந்து எல்லாருக்கும் ஒன்றில்லை என்பது அங்கே தெரிந்திருக்கிறது. வாடிய பூக்களைக் கூட்டி அள்ளும் இழிவான வேலையிலிருந்த சுனீதர் தேரகாதையில் பேசுகிறார். அவரைப் பார்த்து புத்தர் முதலில் செய்தது தியானம் சொல்லிக்கொடுத்ததில்லை. 'வா, பிக்குவே' என்று கூப்பிட்டார். அதுவே அவருக்குத் தீட்சை. மரியாதை முதலில், தியானம் அப்புறம்.

அடுத்தது சுடுகாடு. பிணம் ஊதி, கிழிந்து, எலும்பாகி, பொடியாவது வரை ஒன்பது நிலைகளைச் சுத்தம் சொல்கிறது. என் தாத்தா வெட்டியான் வேலை பார்த்தவர். இந்த ஒன்பதையும் அவர் எந்தக் குருவிடமும் கற்கவில்லை. "பண்ணையார் எலும்பும் நம்ம எலும்பும் சாம்பல்ல ஒண்ணாத்தான்டா கெடக்கும்" என்பார். அடுத்த வரியையும் சொல்வார்: "ஆனா எலும்பப் பொறுக்கிக் குடுத்துட்டு அவுங்க வாசல்ல தள்ளி நின்னுதான் கூலி வாங்கணும்." அநித்தியம் அவருக்குத் தெரிந்திருந்தது. வாசலில் அவர் நிற்க வேண்டிய தூரம் அதனால் ஒரு அடிகூடக் குறையவில்லை. பிணத்தின் துணியை சண்டாளர் உடுத்த வேண்டும் என்று மனு பத்தாம் அத்தியாயத்தில் தண்டனையாக விதிக்கிறார். சுடுகாட்டிலும் குப்பையிலும் கிடந்த துணியைப் பிக்குகள் விரும்பி எடுத்துத் தைத்து உடுத்தினார்கள். அதே துணிதான். ஒருவருக்கு அது சாதி, இன்னொருவருக்கு அது சாதியைத் துறந்ததன் அடையாளம். துணியை மட்டும் உற்றுப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது. யார் யாருக்கு விதித்தது என்று பார்க்க வேண்டும்.

பாபாசாகேப் அப்படித்தான் பார்த்தார். அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், கிழவர், நோயாளி, பிணம் ஆகியோரைக் கண்டு சித்தார்த்தர் வீட்டைவிட்டுப் போனார் என்ற கதையை அவர் ஏற்கவில்லை. ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியருக்கும் கோலியருக்கும் வந்த சண்டையில், போர் வேண்டாம் என்று நின்றதால் அவர் வெளியேற நேர்ந்தது என்று எழுதினார். பிக்கு தன்னை மட்டும் முழுமையாக்கிக்கொள்பவரா, சமூகத் தொண்டரா என்று முன்னுரையில் கேட்டார். அவருக்கும் முன்னால் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பவுத்த சங்கத்தை நிறுவி, 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, சொல் சொல்லாகத் தோண்டி, இழிவென்று சொல்லப்பட்டவர்கள் முன்னே யாராக இருந்தார்கள் என்பதை நினைவுக்குக் கொண்டுவந்தார். அவர் சொல்லாய்வுகள் எல்லாம் சரியா என்று விவாதிக்கலாம். சதி என்பதன் முதல் பொருளில் அவர் செய்தது அதுதான்: மறக்கடிக்கப்பட்டதை நினைப்பது.

அப்படியானால் கோபத்தை எதற்குக் கவனிக்க வேண்டும்? அப்படியே எரியவிட்டால் என்ன?

கவனிக்கப்படாத கோபம் விலாசம் தப்பிப் போகிறது என்பதுதான் என் பதில். வயலில் வாங்கிய ஏச்சுக்கு வயலில் பதில் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் அது வீட்டுக்கு வருகிறது. பெண்டாட்டி முதுகில் விழுகிறது, பிள்ளை கன்னத்தில் விழுகிறது. வெளியே அவமானப்பட்ட ஆண் வீட்டில் அடிப்பதை 1994இல் வந்த பாமாவின் 'சங்கதி' மறைக்காமல் சொன்னது. இயக்கத்துக்குள்ளும் இதே கதைதான். எதிரிமேல் பாய வேண்டியது உட்சாதிச் சண்டையாகிறது, தோழர்மேல் துண்டறிக்கையாகிறது. காவல் நிலையத்தில் நம் பையனைச் சீண்டி ஒரு வார்த்தை பேசவைத்து, அதை வைத்தே வழக்குப் போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நம் கோபத்தின் மூக்கணாங்கயிறு அவர்கள் கையில் இருக்கிறது. அதை நம் கைக்கு வாங்குவதற்குக் கோபத்தைப் பார்க்கத்தான் வேண்டும்: எங்கே கிளம்பியது, யார் கிளப்பினார்கள், இப்போது யார்மேல் விழப்போகிறது என்று. இப்படிப் பார்க்கும்போது எரிச்சல் அடங்கலாம். காரணம் அடங்காது. எரிச்சல் அடங்கின பிறகுதான் காரணம் தெளிவாகவே தெரியும்.

பஞ்சாயத்துக்காரரின் 'அமைதியா இரு'வுக்கும் புத்தரின் 'கவனி'க்கும் வேறுபாடு இங்கேதான். அவர் அமைதியாக இருக்கச் சொல்வது நடந்ததை நாம் மறக்கவேண்டும் என்பதற்காக. கவனிப்பவருக்கு மறக்க முடியாது.

தம்மபத உரையில் ஒரு கதை வருகிறது. ஆளவி ஊரில் புத்தர் பேசுவதைக் கேட்க ஓர் ஏழை உழவர் ஆசைப்பட்டார். மாடு காணாமல் போய்விட்டது. அதைத் தேடிப் பிடித்துக் கட்டிவிட்டுப் பசியோடு வந்து நின்றார். அதுவரை புத்தர் பேசாமல் காத்திருந்தார். அவருக்கு முதலில் சோறு போடச் சொன்னார். அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தம்மம் பேசினார். முகாமுக்குப் போகிற தம்பி தங்கைகள் போய்வரட்டும். பத்து நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீடுகளிலிருந்து வர முடியாதவர்களுக்கு என்ன வழி என்பதையும் யோசிக்கட்டும். திரும்பி வந்தபின் கண்ணைத் திறந்து, தெருவில் எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்த வழக்குக்கு நாளைக்கு வாய்தா என்று பார்க்கட்டும். சுத்தம் சொல்கிற 'வெளியே கவனி' என்பதில் இதுவும் அடங்கும்.