பார்சி என்பவர் யார்?

மக்கள்தொகை மூன்று வழிகளில் மாறும் என்கிறது புவியியல் பாடம்: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு. மதத்துக்கு நான்காவது வழியும் உண்டு, வெளியாரைச் சேர்த்துக்கொள்வது. அந்தக் கதவைச் சாத்திவிட்டால்?

ஈரானிலிருந்து வந்து குடியேறிய ஜொராஸ்திர மதத்தவரின் வழிவந்தவர்கள் பார்சிகள். இந்தியாவில் அவர்கள் 1941 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். 2011இல் 57,264 பேர். பஞ்சமோ கொள்ளைநோயோ வரவில்லை. படித்த, வசதியான சமூகம். கல்யாணம் தாமதமாகிறது, பலர் செய்துகொள்வதே இல்லை, இளைஞர்கள் வெளிநாடு போய்விடுகிறார்கள். பிறப்பைவிட இறப்பு அதிகம்.

ஆனால் சிக்கல் வெறும் கணக்கில் இல்லை. பார்சித் தொழிலதிபர் ஆர்.டி. டாடா மணந்த பிரெஞ்சுப் பெண், ஜே.ஆர்.டி. டாடாவின் தாயார், ஜொராஸ்திர மதத்தைத் தழுவினார். அவர் பார்சி ஆவாரா? பம்பாய் உயர் நீதிமன்றம் 1908இல் நுணுக்கமாக வெட்டிப் பிரித்தது: மதம் மாறி வரலாம், ஆனால் அதனால் பார்சி ஆகிவிட முடியாது. பார்சித் தகப்பனின் பிள்ளை பார்சி. வெளியே மணந்த தாயின் பிள்ளையையோ பழமைவாதிகள் இன்றும் அக்கினிக் கோயிலுக்குள் விடுவதில்லை. (ரத்தம் தகப்பன் வழியாக மட்டுமே ஓடுகிறது போலும்!)

இத்தனைக்கும், நன்மையை அவரவரே சிந்தித்துத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று போதித்தவர் ஜொராஸ்திர மதத்தை நிறுவிய ஜரதுஷ்டிரர். அப்படித் தேர்ந்து வருபவரைப் பிறப்பைக் காட்டித் திருப்பி அனுப்புவது அவர் போதனையோடு எப்படிப் பொருந்தும்? மரபு கலைந்தால் எஞ்சுவது பார்சி மதமே அல்ல என்பது எதிர்த்தரப்பு வாதம். அதையும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

2013இல் மத்திய அரசு ‘ஜியோ பார்சி’ திட்டத்தைத் தொடங்கி, குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் பணம் தருகிறது. நான்காவது வழியைப் பற்றி அரசு வாய் திறப்பதில்லை.